வெளிநாட்டுக் கிளப்பில் கூடைப்பந்து கோச்: முதல் ஒப்பந்தம் முதல் கடைசிச் சாவி வரை

ஐம்பது செட் (முன்கூட்டியே வகுத்து வைத்த ஆட்ட நகர்வு) அடங்கிய பிளேபுக்கைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறும் புதுக் கோச்சுகளை எல்லா லீக்கிலும் பார்க்கலாம். அந்த ஐம்பதில் எட்டோ பத்தோதான் சீசனில் ஓடும். ஆனால் ஒப்பந்தத்தின் கடைசிப் பக்கத்தில் யாரும் படிக்காமல் விட்ட ஒரு வரி, தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்றதும் எழுந்து வந்து முன்னால் நிற்கும். பயிற்சி முறைகளைச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், தாள்களைப் பற்றிச் சொல்லத்தான் ஆள் குறைவு. அதனால் இங்கே தாள் பக்கம் கொஞ்சம் கனமாகவே இருக்கும்.

எந்த நாற்காலிக்குப் போகிறீர்கள்

கோச் வேலை என்ற ஒரே பெயருக்குள் குறைந்தது நாலு வேலை இருக்கிறது: தலைமைக் கோச், உதவிக் கோச், வீடியோ பார்த்து வெட்டித் தருபவர், இளையோர் அணிக் கோச். வெளிநாட்டில் முதல் வேலையே முதல் டிவிஷனில் தலைமைக் கோச் பதவியாகக் கிடைப்பது அபூர்வம். இரண்டாம், மூன்றாம் டிவிஷனில் தலைமைப் பதவியோ, பெரிய கிளப்பில் வீடியோ அல்லது இளையோர் வேலையோதான் வழக்கமான வாசல். பெண்கள் அணி, அகாடமி, பள்ளி அணி ஆகியவையும் வாசல்கள்தான். அங்கே போட்டி குறைவு, கற்றுக்கொள்ள நேரம் அதிகம்.

கீழிருந்து போவதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. நிக் நர்ஸ் 1990-ல் தன் 23-வது வயதில் இங்கிலாந்தின் டெர்பி அணிக்கு வீரராகவும் கோச்சாகவும் சேர்ந்தார். பிறகு பர்மிங்காம், பிரைட்டன், பெல்ஜியத்தின் ஓஸ்டெண்ட் என்று சுற்றி, என்பிஏவின் வளர்ச்சி லீக்கான டி-லீக்கில் இரண்டு பட்டம் வாங்கி, 2019-ல் டொராண்டோ ராப்டர்ஸுக்கு என்பிஏ கோப்பையை வென்று கொடுத்தார். கனடாக்காரரான கோர்டன் ஹெர்பர்ட் பின்லாந்து, ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்தவர். 2023-ல் மணிலாவில் ஜெர்மனி 83-77 என்று செர்பியாவை வென்று உலகக் கோப்பையைத் தூக்கியபோது பெஞ்சில் நின்றவர் அவர்தான்.

சிறிய கிளப்பில் ஒரு பொறி உண்டு. தலைமைக் கோச் என்று அழைப்பார்கள், போய்ச் சேர்ந்த பிறகு 14 வயது அணி, 16 வயது அணி, சனிக்கிழமை காலை சிறுவர் வகுப்பு எல்லாம் உங்கள் தலையில் விழும். அது தப்பில்லை, பல கிளப்புகள் அப்படித்தான் உயிரோடு இருக்கின்றன. ஆனால் பேசும்போதே கேளுங்கள்: எத்தனை அணி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், வெளியூர் ஆட்டங்களுக்கு யார் கூட்டிப் போவது? பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

லைசன்ஸ்

கோச்சுக்கு உலகம் முழுவதும் செல்லும் ஒரே லைசன்ஸ் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு நாட்டுச் சம்மேளனமும் தனக்கென்று படிநிலைகள் வைத்திருக்கிறது. ஜெர்மனியில் சி, பி, ஏ என்று போகும். ஸ்பெயின், இத்தாலியில் வேறு பெயர்களில் படிகள் இருக்கின்றன. உங்கள் நாட்டில் வாங்கிய சான்றிதழ் அங்கே எந்தப் படிக்குச் சமம் என்று அந்த நாட்டுச் சம்மேளனம்தான் சொல்ல வேண்டும். எல்லாம் சரியாகிவிடும் என்று கிளப் மேனேஜர் சொல்வது சான்று ஆகாது. சமநிலை மறுக்கப்பட்டு, காகிதத்தில் உதவிக் கோச் பெயரைத் தலைமைக் கோச் என்று பதிவு செய்துவிட்டு, உண்மையான கோச் இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து சீசனை ஓட்டுவது நடக்கிற காரியம்தான். ஆனால் உலகக் கூடைப்பந்துச் சம்மேளனமான ஃபிபாவின் விதியில் டைம் அவுட் கேட்பது பதிவான தலைமைக் கோச், முதல் உதவிக் கோச் இருவரின் உரிமை, பெஞ்சிலிருந்து ரெஃப்ரியிடம் பேசுவது தலைமைக் கோச்சின் உரிமை மட்டுமே. எந்தப் பெயரில் பதிவாகிறீர்கள் என்பது ஒவ்வொரு ஆட்டத்திலும் உறைக்கும்.

செய்ய வேண்டியது: சொந்த நாட்டில் கிடைக்கும் உயர்ந்த படியை முடியுங்கள். படிப்பு நேரம், பாடத்திட்டம், தேர்வு மதிப்பெண் மூன்றையும் சம்மேளனத்தின் முத்திரையோடு ஒரே கடிதத்தில் வாங்குங்கள். சமநிலை பார்ப்பவர்கள் கேட்பது சான்றிதழின் அழகை அல்ல, மணிக்கணக்கை. ஃபிபாவின் கீழ் இயங்கும் உலகக் கூடைப்பந்துக் கோச்சுகள் சங்கம் மூன்று நிலைகளில் கையேடு வைத்திருக்கிறது, இலவசமாகவே படிக்கலாம். தேசிய அணியோடு ஃபிபா போட்டிக்குப் போனால் ஃபிபா கோச் லைசன்ஸ் தனியாக வேண்டும்.

எப்போது தேடுவது

ஐரோப்பாவில் பயிற்சி ஆகஸ்டில் தொடங்கும், லீக் செப்டம்பர் கடைசி அல்லது அக்டோபரில் தொடங்கி மே, ஜூன் வரை போகும். ஆகவே வேலை பேசும் காலம் மே முதல் ஜூலை வரை. நவம்பரிலிருந்து ஜனவரி வரை இரண்டாவது சந்தை ஒன்று கூடும்; அது நீக்கப்பட்டவர்களின் இடத்துக்கு ஆள் தேடும் சந்தை. அப்போது கிளப்புக்கு 48 மணி நேரத்தில் ஆள் வேண்டும். பாஸ்போர்ட்டும் சான்றிதழ்களும் தயாராக வைத்திருப்பவருக்குத்தான் அந்த இடம்.

ஜப்பானின் பி.லீக் 2016-ல் தொடங்கியது, அக்டோபரிலிருந்து மே வரை நடக்கும். ஆஸ்திரேலிய என்பிஎல் செப்டம்பர் வாக்கில் தொடங்கி மார்ச் வாக்கில் முடியும். நியூசிலாந்து லீக் அதன் பிறகு வருவதால் ஒரே ஆண்டில் இரண்டையும் சேர்த்துப் பிடிப்பவர்கள் உண்டு. 2019-ல் தொடங்கிய கனடாவின் சிஇபிஎல் கோடைகால லீக், ஐரோப்பிய உதவிக் கோச்சுகளுக்குத் தோதானது. 12 அணிகளோடு 2021-ல் கிகாலியில் தொடங்கிய ஆப்பிரிக்க லீக்கும் வெளிநாட்டுக் கோச்சுகளுக்கு ஒரு சந்தை. இப்படிச் சேர்த்துப் பிடிப்பது பணத்துக்கு நல்லது, உடம்புக்குக் கெடுதல். மூன்று ஆண்டு தொடர்ந்து ஓடினால் வீடியோ பார்க்கும் கண்ணே மந்தமாகிவிடும்.

விண்ணப்பத்தில் என்ன அனுப்புவது

ஒரு பக்க விவரக்குறிப்பு போதும். எந்தெந்த ஆண்டு எந்த அணி, எந்த நிலை, வெற்றி தோல்வி எண்ணிக்கை, பேசும் மொழிகள், லைசன்ஸ் படி, பாஸ்போர்ட் நாடு. இந்தக் கடைசி விவரத்தைப் பலர் விட்டுவிடுவார்கள். வேலை அனுமதி செலவைக் கணக்குப் போடும் மேனேஜர் முதலில் தேடுவது அதைத்தான்.

கூடவே இரண்டு கோப்புகள். ஒன்று, உங்கள் அணி ஆடியதன் ஐந்து நிமிட வீடியோ: பாதிக் கோர்ட் தாக்குதல், பிக் அண்ட் ரோல் (ஒருவர் திரையாக நின்று மறைத்துவிட்டுக் கூடைக்கு ஓடும் இருவர் ஆட்டம்) தடுப்பு, டைம் அவுட் முடிந்து வந்து ஆடிய நாலைந்து பந்துகள். பாட்டு சேர்க்காதீர்கள், டங்க் காட்சி தேவையில்லை. தவறிய ஷாட்டில் முடிந்தாலும் ஆள் சரியான இடத்தில் காலியாக நின்றிருந்தால் அதைச் சேருங்கள். பார்க்கிறவர் கோச்சாக இருந்தால் புரிந்துகொள்வார். இரண்டு, உண்மையான எதிரணி ஒன்றைப் பற்றி நீங்கள் தயாரித்த மூன்று நாலு பக்க ஸ்கவுட்டிங் அறிக்கை. விண்ணப்பிக்கும் கிளப்பின் லீக்கிலேயே ஓர் அணியை எடுத்து எழுதினால் இன்னும் நல்லது. அந்த ஒரு வாரத்து உழைப்பு நூறு மின்னஞ்சலுக்குச் சமம்.

ஏஜென்ட் விஷயத்தில் இரண்டு எச்சரிக்கை. வேலைக்கு முன்பே பதிவுக் கட்டணம், விசா கட்டணம் என்று பணம் கேட்கிறவர் ஏஜென்ட்டே அல்ல. ஏஜென்ட் ஒப்பந்தத் தொகையில் பங்கு எடுப்பவர், வழக்கமாக 10% வரை. அதைக் கிளப் தனியாகக் கொடுக்குமா, உங்கள் சம்பளத்திலிருந்து போகுமா என்று முதலிலேயே கேளுங்கள். ஃபிபா லைசன்ஸ் வாங்கிய ஏஜென்ட்டுகளின் பட்டியல் ஃபிபா தளத்தில் இருக்கிறது, பெயரைச் சரிபாருங்கள். அடுத்தது நாகரிகமாக வரும் தொல்லை: உங்களைச் சேர்த்துவிட்ட அதே ஏஜென்ட், தன் வீரர்களை உங்கள் அணியில் திணிக்கப் பார்ப்பார். முதல் வீரருக்குச் சரி சொன்னீர்கள் என்றால் மூன்றாவது வீரருக்கு மறுக்க முடியாது. கிளப் தலைவரும் அதைக் கவனித்துக்கொண்டிருப்பார்.

ஒப்பந்தம்: இங்கே நிதானமாக உட்காருங்கள்

வாய்ப்பேச்சு எதுவும் செல்லாது. வாட்ஸ்அப்பில் தலைவர் அனுப்பிய கட்டைவிரலும் செல்லாது. நாலைந்து பக்க ஒப்பந்தத்தில் எந்த வரி எங்கே கடிக்கும் என்பதை ஓர் உதாரணத்தோடு பார்க்கலாம்.

சம்பளம் 30,000 யூரோ நெட், அதாவது வரி போகக் கைக்கு வருவது, என்று வைத்துக்கொள்வோம். பத்துத் தவணை, ஆகஸ்ட் 15 முதல் மே 15 வரை மாதம் 3,000. முதல் பக்கத்தில் சம்பளம் முழுவதும் உறுதி என்று இருக்கும். ஐந்தாம் பக்கத்தில், டிசம்பர் 31-க்குள் இரண்டு தவணை கொடுத்துவிட்டு ஒப்பந்தத்தை முடிக்கக் கிளப்புக்கு உரிமை உண்டு என்று இருக்கும். இந்த இரண்டாவது வரி முதல் வரியைத் தின்றுவிடுகிறது. டிசம்பர் கடைசியில் நீக்கினால் உங்கள் கைக்கு வந்தது ஐந்து தவணை, அதாவது 15,000. கூட 6,000. மொத்தம் 21,000. உறுதி என்று எழுதியிருந்த 30,000-ல் 9,000 காணாமல் போய்விட்டது, அதுவும் சட்டப்படி. அந்த வரியை எடுக்கச் சொல்லுங்கள். எடுக்க மாட்டோம் என்றால் இரண்டை நாலாக்குங்கள், அதே உரிமையை உங்களுக்கும் கேளுங்கள். பெரிய கிளப் கூப்பிட்டால் நீங்களும் அதே தொகையைக் கட்டிவிட்டுப் போகலாம்.

நெட் என்ற சொல்லை அப்படியே நம்பாதீர்கள். எந்தெந்த வரி, எந்தெந்தக் காப்பீட்டுப் பிடித்தம் கிளப் கட்டும் என்று தனி வரியில் எழுதியிருக்க வேண்டும். ஆண்டு முடிவில் உங்கள் பெயரில் வரி கட்டிய அரசுச் சான்றைத் தர வேண்டும் என்ற வரியும் வேண்டும். அந்தச் சான்று இல்லாவிட்டால் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருந்தும் சொந்த நாட்டு வரித்துறையிடம் காட்ட உங்களிடம் எதுவும் இருக்காது. பல நாடுகளில் 183 நாள் தங்கினால் அங்கே வரி வசிப்பாளர் ஆகிவிடுவீர்கள், கூடைப்பந்து சீசன் அதைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

தவணை தாமதமானால் என்ன என்பதற்கு மூன்று படி எழுதுங்கள். குறித்த நாளுக்குப் பிறகு இத்தனை நாள் வரை பொறுப்போம், அதற்கு மேல் வட்டி. 30 நாள் தாண்டினால் பயிற்சிக்கு வர வேண்டிய கடமை இல்லை. அதற்குப் பிறகும் வராவிட்டால் கோச் ஒப்பந்தத்தை முறிக்கலாம், மீதித் தவணை முழுவதும் உடனே கொடுக்கப்பட வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் முறித்துக்கொண்டு வெளியே வரலாம், கைக்குக் காசு வராது.

சில லீக்குகளில் இரண்டு ஒப்பந்தம் நீட்டுவார்கள்: லீக்கில் பதிவாகும் சிறிய சம்பள ஒப்பந்தம் ஒன்று, பட உரிமை என்ற பெயரில் பெரிய தொகைக்கு இன்னொன்று. வரிக்காகச் செய்வது. அதை ஏற்கிறீர்களா இல்லையா என்பது உங்கள் முடிவு, உள்ளூர் வரி ஆலோசகரிடம் கேட்காமல் எடுக்க வேண்டாம். ஏற்றால், தகராறு விதி இரண்டிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய தொகையைத் தேடி வேறு நாட்டு நீதிமன்றத்துக்கு அலைய வேண்டியிருக்கும்.

தகராறு விதி என்றால் இந்தத் தொழிலில் பெரும்பாலும் பிஏடி, கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயம். ஃபிபா இதை 2007-ல் வேறு பெயரில் தொடங்கியது. சட்ட இருக்கை ஜெனீவா. ஒரே நடுவர், ஆங்கிலத்தில் வழக்கு, எந்த நாட்டுச் சட்டத்தையும் கட்டிக்கொண்டு அழாமல் நியாயம் எது என்று பார்த்துத் தீர்ப்பு. தீர்ப்பை மதிக்காத கிளப் புதிய வீரர்களைப் பதிவு செய்ய ஃபிபா தடை போடும். பணம் வருவதற்கு உண்மையான காரணம் அந்தத் தடைதான். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த விதி எழுதியிருந்தால் மட்டுமே அங்கே போக முடியும். மாதிரி வாசகத்தைத் தீர்ப்பாயமே வெளியிட்டிருக்கிறது, ஒரு சொல்லும் மாற்றாமல் ஒட்டுங்கள். மாற்றி எழுதிய விதியை வைத்தே கிளப் வக்கீல் ஒரு வருடம் இழுப்பார். இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள்: வழக்குப் போட முதலில் கட்டணம் கட்ட வேண்டும், கிளப் தன் பங்கு முன்பணத்தைக் கட்டாவிட்டால் அதையும் நீங்களே கட்டி, ஜெயித்த பிறகுதான் திரும்பக் கேட்க முடியும். அந்தப் பணம் கையிருப்பில் இல்லாததால் நல்ல வழக்கைப் பாதி தொகைக்கு முடித்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள்.

மற்றவற்றைப் பட்டியலாகவே சொல்லிவிடலாம்:

- வீடு: எத்தனை அறை, சாமான்களோடா, மின்சாரமும் இணையமும் யார் செலவு. ஹோட்டல் அறை என்றால் எத்தனை நாள் வரை.
- கார்: யார் பெயரில் காப்பீடு, உங்கள் ஓட்டுநர் உரிமம் அங்கே எத்தனை மாதம் செல்லும்.
- விமான டிக்கெட்: போக வர ஒன்று, குடும்பத்துக்கு எத்தனை, நடுவில் நீக்கினாலும் திரும்பும் டிக்கெட் உண்டா.
- மருத்துவக் காப்பீடு: முதல் நாளிலிருந்தா, வேலை அனுமதி வந்த பிறகா.
- போனஸ்: பிளேஆஃபுக்குப் போனால் என்று மட்டும் எழுதினால் பிப்ரவரியில் நீக்கப்பட்டவருக்கு எதுவும் இல்லை. ஆடிய ஆட்டங்களின் விகிதத்தில் என்று சேருங்கள்.
- வீரர் தேர்வு: கடைசிச் சொல் யாருடையது. உங்களுடையது இல்லை என்றாலும் பரவாயில்லை, எழுதியிருக்கட்டும்.
- இரண்டு மொழியில் ஒப்பந்தம் இருந்தால் முரண்பாட்டில் எந்த மொழி செல்லும்.

பயணத்துக்கான தாள்கள்

பட்டச் சான்றிதழ், கோச் லைசன்ஸ், பிறப்புச் சான்று, குடும்பம் கூட வந்தால் திருமணச் சான்று, காவல்துறை நன்னடத்தைச் சான்று. காவல்துறைச் சான்றுக்குப் பெரும்பாலும் ஆயுள் குறைவு, சில மாதங்களுக்குள் வாங்கியதைத்தான் ஏற்பார்கள், அதனால் அதைக் கடைசியில் வாங்குங்கள். மற்றவற்றை இப்போதே வாங்கி அப்போஸ்டில் முத்திரை (வெளிநாட்டில் செல்ல அரசு போடும் சான்று) போட்டு வையுங்கள். 1961-ஆம் ஆண்டு ஹேக் ஒப்பந்தத்தில் சேர்ந்த நாடுகளுக்குள் பெரும்பாலும் அந்த ஒரு முத்திரை போதும். சீனாவிலும் 2023 நவம்பரில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது, முன்பு போலத் தூதரகத்தில் இரண்டாவது சுற்று பெரும்பாலும் வேண்டியதில்லை. முத்திரை போட்ட பிறகுதான் மொழிபெயர்ப்பு. முதலில் மொழிபெயர்த்துவிட்டுப் பிறகு முத்திரை வாங்கினால் முத்திரைப் பக்கத்தை மறுபடி மொழிபெயர்க்கச் சொல்வார்கள்.

பிரிட்டனில் விளையாட்டுத் துறைக்கென்று தனி விசா வகை உண்டு, கோச்சுகளும் அதில் வருவார்கள். ஆனால் விசாவுக்கு முன் அந்த விளையாட்டின் நிர்வாக அமைப்பு உங்களைப் பரிந்துரைக்க வேண்டும். 12 மாதத்துக்கு மேல் என்றால் அடிப்படை ஆங்கிலத் தேர்வும் சேரும். மற்ற நாடுகளிலும் பெயர் மாறினாலும் கிளப், சம்மேளனம், குடியேற்றத் துறை என்ற வரிசை ஏறக்குறைய இதுதான்.

சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள், இங்கே வந்து மாற்றிக்கொள்ளலாம் என்று எந்தக் கிளப் சொன்னாலும் போகாதீர்கள். பயிற்சி நடத்துவதே வேலைதான். பிடிபட்டால் நாடு கடத்துவதும் நுழைவுத் தடையும் உங்கள் பாஸ்போர்ட்டில்தான் விழும், கிளப்பின் லெட்டர்பேடில் அல்ல. அடிபட்டால் காப்பீடும் கைவிரிக்கும். நாடு மாறும் வீரர்களுக்கு வேண்டிய விடுவிப்புக் கடிதம் கோச்சுக்கு வேண்டியதில்லை. ஆனால் முந்தைய கிளப்போடு ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது அடுத்ததில் கையெழுத்துப் போட்டால் அங்கேயும் வழக்கு வரும்.

ஃபிபா விதிக்குக் கையை மாற்றிக்கொள்வது

என்பிஏ பார்த்தே வளர்ந்தவர்கள் இதைச் சாதாரணமாக நினைத்துவிடுகிறார்கள். கோர்ட் 28-க்கு 15 மீட்டர், என்பிஏ போலப் பன்னிரண்டு நிமிடமாக அல்லாமல் பத்து நிமிடமாக நாலு பகுதி, ஐந்து தவறில் வீரர் வெளியே. மூன்று புள்ளிக் கோடு 6.75 மீட்டர், என்பிஏவில் நடுவில் 7.24. அரை மீட்டர் உள்ளே வந்தது என்றால் உதவிக்கு ஓடும் தூரமும் குறைந்தது என்று பொருள். மேலும் தடுப்பாட்டத்தில் மூன்று விநாடி விதி கிடையாது. பெரிய ஆள் கூடைக்குக் கீழேயே கூடாரம் போடலாம். அமெரிக்காவில் ஓடிய டிரைவ் (பந்தைத் தட்டிக்கொண்டு கூடைக்குள் புகுவது) அங்கே சுவரில் முட்டும். அதற்கு விடை அந்தப் பெரிய ஆளை வெளியே இழுப்பதுதான், மறுபடி மறுபடி உள்ளே புகுவதல்ல. பந்து வளையத்தைத் தொட்டுவிட்டால் வளையத்தின் மேல் உருளும்போதே யாரும் தட்டலாம், அதற்குப் பழகாத சென்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். ஆகஸ்டிலேயே தினமும் ஐந்து நிமிடம் இதற்கென்று ஒதுக்குங்கள்.

டைம் அவுட்டில்தான் ஆட்டங்கள் கைநழுவும். முதல் பாதிக்கு இரண்டு, இரண்டாம் பாதிக்கு மூன்று, கூடுதல் நேரத்துக்கு ஒன்று. முதல் பாதியில் மிச்சம் வைத்தது பிறகு வராது. நாலாம் பகுதியின் கடைசி இரண்டு நிமிடத்துக்குள் இரண்டுக்கு மேல் எடுக்க முடியாது, எனவே மூன்றையும் சேமித்து வைத்தவருக்கு ஒன்று வீணாகும். கோர்ட்டிலிருந்து வீரர் கேட்க முடியாது. கோச்சோ முதல் உதவிக் கோச்சோ மேசைக்குக் கை காட்ட வேண்டும், அதுவும் பந்து நின்றாலோ எதிரணி கூடை போட்டாலோதான் கிடைக்கும். உங்கள் வீரர் மூலையில் சிக்கிக்கொண்டு பந்தைப் பிடித்தபடி கத்தினால் யாரும் உதவ முடியாது.

இப்போது டைம் அவுட்டின் 60 விநாடியை அருகில் போய்ப் பாருங்கள். 50-வது விநாடியில் எச்சரிக்கை ஒலி வரும். வீரர்கள் வந்து உட்கார்ந்து தண்ணீர் குடிக்க முதல் பத்து போய்விடும். மிச்சம் 40. மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசினால் அது 20. இருபது விநாடியில் நிதானமாக மூன்று வாக்கியம் சொல்லலாம். ஆகவே என்ன சொல்வது என்பதை வீரர்கள் உட்காரும் முன்பே உதவிக் கோச்சோடு முடிவு செய்துவிட்டுத்தான் பலகையோடு அவர்கள் முன்னால் உட்கார வேண்டும். ஒரு தடுப்பு வாக்கியம், ஒரு தாக்குதல் வாக்கியம், யாருடைய தவறு எத்தனை என்ற நினைவூட்டல். கடைசி இரண்டு நிமிடம் என்றால் இன்னொரு முடிவும் உண்டு: பந்தை முன் கோர்ட்டிலிருந்து உள்ளே போடுவதா, பின்னாலிருந்தா. முன்னாலிருந்து என்றால் கடிகாரம் அதிகபட்சம் 14 விநாடி. ரெஃப்ரி கேட்கும்போது விழிக்கக் கூடாது.

ஆட்டத்துக்கு 40 நிமிடத்துக்கு முன் வீரர் பட்டியலை மேசையில் கொடுக்க வேண்டும், 10 நிமிடத்துக்கு முன் முதல் ஐவரைக் குறித்துக் கையெழுத்து. விட்டுப்போன பெயரை ஆட்டம் தொடங்கிய பிறகு சேர்க்க முடியாது. உங்கள் சொந்த நடத்தைக்கு இரண்டு டெக்னிக்கல் (ஒழுங்குத் தவறு) விழுந்தால் வெளியே. உள்ளூர் ரெஃப்ரிகளிடம் வெளிநாட்டுக் கோச்சுக்கு முதல் மாதத்தில் கடன் எதுவும் கிடையாது.

முதல் ஆறு வாரம்

தயாரிப்புக் காலம் பெரும்பாலும் ஐந்திலிருந்து ஏழு வாரம். முதல் வாரம் அணியில் பாதிப் பேர் தேசிய அணியிலோ விசா வரிசையிலோ இருப்பார்கள், அதை எதிர்பார்த்துத் திட்டம் போடுங்கள். பாதிக் கோர்ட்டுக்கு ஐந்தாறு செட், கீழ்க்கோட்டிலிருந்தும் பக்கக்கோட்டிலிருந்தும் உள்ளே போட இரண்டிரண்டு, ஸோனுக்கு (ஆளை அல்லாமல் இடத்தைக் காக்கும் தடுப்பு) எதிராக ஒன்று, பிக் அண்ட் ரோலுக்கு இரண்டு தடுப்பு முறை. அக்டோபர் வரை இது போதும். செட்டுகளுக்கு நிறம், எண், கை சைகை என்று பெயர் வையுங்கள், மொழிபெயர்க்க வேண்டாத பெயராக இருக்கட்டும்.

மொழியில் பன்னிரண்டு சொல் போதும், ஆனால் அவை வீரர்களின் வாயில் வருகிற சொல்லாக இருக்க வேண்டும்: உதவி, மாற்று, இடது, வலது, திரை, பின்னால் ஓடு, பந்து, ரீபவுண்ட், நில், மறுபடி, நன்று, தண்ணீர். மொழிபெயர்ப்பாளருக்குக் கூடைப்பந்து தெரியும் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். ஹெட்ஜ் (முன்னால் பாய்ந்து மறிப்பது) என்றதற்கும் டிராப் (பின்வாங்கிக் கூடையைக் காப்பது) என்றதற்கும் அவர் ஒரே சொல்லைப் போட்டுவிட்டால் இரண்டு வீரர்கள் இரண்டு விதமாகத் தடுப்பார்கள், தப்பு யாருடையது என்று வீடியோவிலும் தெரியாது. முதல் வாரத்தில் அவரைக் கோர்ட்டில் நிறுத்தி ஒவ்வொரு சொல்லையும் உடம்பால் காட்டுங்கள். நீண்ட காலம் தங்குவதாக இருந்தால் மொழியையே படியுங்கள். டாம் ஹோவாஸ் அமெரிக்கர், டைம் அவுட்டில் ஜப்பானிய மொழியில்தான் பேசுவார். டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த ஜப்பான் பெண்கள் அணி இறுதிப் போட்டிவரை போய் 90-75 என்று அமெரிக்காவிடம்தான் தோற்றது.

உள்ளூர் உதவிக் கோச்சை முதல் நாளே மதிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். எந்த ஜிம்மில் வளையம் கெட்டி, எந்த ரெஃப்ரி கை உரசலை ஊதுவார், எந்த வீரருடைய அப்பா கிளப்பின் ஸ்பான்சர் எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நீங்கள் நீக்கப்பட்டால் பெரும்பாலும் அவர்தான் உங்கள் நாற்காலியில் உட்காருவார், அதுவும் இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயம். இந்தச் சங்கடத்தோடு வேலை செய்யப் பழக வேண்டும். அவருக்கென்று ஒரு துறையை, தடுப்பாட்டத்தையோ ஸ்கவுட்டிங்கையோ, முழுதாகக் கொடுத்துவிட்டால் பாதி புகைச்சல் அடங்கும்.

வெளிநாட்டு வீரர் கணக்கையும் நினைவில் வையுங்கள். ஜெர்மனியின் முதல் டிவிஷனில் 12 பேர் கொண்ட பட்டியலில் ஆறு பேர் ஜெர்மானியராக இருக்க வேண்டும், ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டவருக்கு இட வரம்பு உண்டு. உள்ளூர் வீரர்களை வளர்க்காமல் இறக்குமதி வீரர்களையே நம்பினால் ஒரு கணுக்கால் சுளுக்கில் சீசன் முடிந்துவிடும்.

காரியம் கெடும்போது

முதலில் சம்பளம் தாமதமாகும், பிறகு மேனேஜர் தொலைபேசியை எடுக்க மாட்டார். தவணை தவறிய மறுநாளே மரியாதையான ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள்: எந்த நாள், எவ்வளவு, ஒப்பந்தத்தின் எந்த விதி. நண்பராகப் பேசிக்கொள்ளலாம் என்று மூன்று மாதம் வாயால் கேட்டுக்கொண்டிருந்தால் தாமதத்தை நீங்களே ஏற்றுக்கொண்டதாகக் கிளப் வாதாடும். வங்கிக் கணக்கு அறிக்கை, செய்திகள் எல்லாவற்றையும் கிளப் கொடுத்த மின்னஞ்சலில் வைக்காமல் சொந்தக் கணக்கில் சேமியுங்கள். நீக்கும் நாளன்று அந்த மின்னஞ்சல் மூடப்படும்.

நீக்குவதற்குப் பதில் சில கிளப்புகள் ஒதுக்கிவைக்கும். நாளை பயிற்சிக்கு வர வேண்டாம் என்று சொல்வார்கள், கடிதம் தர மாட்டார்கள். வீட்டில் உட்கார்ந்துவிட்டால் வேலையை விட்டுப் போனார் என்று எழுதிவிடுவார்கள். அன்றைக்கே எழுதுங்கள்: நான் வேலை செய்யத் தயாராக இருக்கிறேன், எங்கே எப்போது வர வேண்டும் என்று எழுத்தில் சொல்லுங்கள். வழக்கமான நேரத்துக்கு ஜிம் வாசலுக்குப் போய் நில்லுங்கள், தேதியோடு ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பரஸ்பர முறிவு ஒப்பந்தம் நீட்டுவார்கள். அதில் இருதரப்புக்கும் இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்ற வரி இருக்கும். பணம் உங்கள் வங்கிக் கணக்கில் விழுந்த பிறகுதான் அது செல்லும் என்ற நிபந்தனையைச் சேர்க்காமல் கையெழுத்து வேண்டாம். விமானத்துக்கு நேரமாகிவிட்டது என்று அவசரப்படுத்துவார்கள். டிக்கெட்டை மாற்றலாம், கையெழுத்தை மாற்ற முடியாது. வீட்டைக் காலி செய்ய எத்தனை நாள் என்று ஒப்பந்தத்தில் இருப்பதைப் பார்த்து, அதற்குள் ஒவ்வொரு அறையையும் படமெடுத்து, மின்சார மீட்டர் எண்ணையும் காரின் கிலோமீட்டரையும் பெட்ரோல் அளவையும் ஒரு தாளில் எழுதுங்கள். சாவியை வாங்கும் ஆளிடம் அந்தத் தாளில் பெயரும் தேதியும் வாங்கிக்கொண்டு கொடுங்கள். அவர் கையெழுத்துப் போட மறுத்தால் சாவியைக் கிளப் அலுவலக முகவரிக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதை ஒப்பந்தத்தோடு சேர்த்துக் குத்தி வையுங்கள்.